நான் அளந்து பார்த்த வாழைநார்ப் பெட்டிகள்

ரகு,

ஏழு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அது போதும். உன் அம்மா உன்னோடு பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். நான் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் இறங்கி வரும்போது இருக்கும் முகத்தை வைத்து நீங்கள் இருவரும் என்ன பேசியிருப்பீர்கள் என்று ஊகித்துக்கொண்டிருக்கிறேன். உன் மாமா உறவுக்காரர்கள் வீடு வீடாக என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார். எல்லோரும் பேசியாகிவிட்டது, இனி நான் பேசுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அரை மணி நேரத்தில் அது உன் மாமாவின் குடும்பக் குழுவில் வந்து நிற்கும் என்பதால் தாளில் எழுதுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் முழுவதையும் காட்டு. உனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மடித்து வைத்துக்கொள்ளாதே.

ஆவணியில் நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்கான அழைப்பிதழ் மாதிரி போன வாரம் வந்தது. எனக்கு இல்லை, உன் அம்மாவின் போனுக்கு. அவள் குளிக்கப் போயிருந்தபோது பார்த்தேன். பார்த்தது தப்பென்றால் தப்புதான். பெண் வீட்டார் பக்கத்தில் கயலின் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டு, அவள் அம்மா சரோஜாவின் பெயர் கீழே இருக்கிறது. நம் பக்கத்தில் உன் அம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. இறந்துபோன மனிதருக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது, உயிரோடு ஸ்ரீரங்கத்தில் தினமும் காலையில் பால் வாங்கிக்கொண்டு வருகிற எனக்கு இல்லை. உன் அம்மாவிடம் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள், பிறகு சொன்னாள். “சனிக்கிழமை அச்சுக்குப் போகுதாம். அதுக்குள்ள நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா உங்க பேரைப் போடலாம்னு சொல்றான். இல்லேன்னா அந்த வரியை எடுத்துடுவானாம்.” நீ இதை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அம்மாவை நடுவில் வைத்து நிபந்தனை போடுகிற பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். பதில் கிடைத்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பலரிடம் சொல்லியிருப்பாய். என் பக்கத்தைக் கேள். அரைப்பரீட்சை லீவு, ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்தை அடைத்துக்கொண்டு நின்ற நாள். நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தாய். புத்தாண்டுக்குச் சொந்தக்காரர்களுக்கும் உன் ஆபீஸ்காரர்களுக்கும் ஏதாவது வாங்க வேண்டும், தில்லைநகர் மண்டபத்தில் கைவினைப் பொருள் சந்தை போட்டிருக்கிறார்கள், எல்லாம் உள்ளூர்க்காரர்கள் கையால் செய்தது என்றாய். “கடையில வாங்கறதை இங்க வாங்கினா செஞ்சவங்க கைக்கே போகும்ப்பா” என்றாய். நீ பிறந்ததிலிருந்து என்னைக் கடைக்குக் கூப்பிட்டதில்லை. நான் விலை கேட்பதும் பொருளைத் திருப்பிப் பார்ப்பதும் உனக்கு அவமானமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் “நீங்க கண்டிப்பா வரணும்” என்று இரண்டு தடவை சொன்னாய், அம்மாவையும் கிளப்பினாய். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சந்தைக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது என்ன என்று சொல்கிறேன். முதல் மேசையில் மண் விளக்குகள். திருப்பினேன், கையால் வனைந்ததில்லை, அச்சு சேர்ந்த இடத்தில் கோடு மயிரிழையாக ஓடுகிறது. இரண்டாவது மேசையில் மரப் பொம்மைகள். அடியில் விலைச்சீட்டைப் பிய்த்தெடுத்த பசை காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விற்றவரிடம் காட்டினேன். “சார், இது பொம்மை வெயில்ல உருகாம இருக்க ஒட்டறது” என்றார். மரம் வெயிலில் உருகுமாம். மூன்றாவது மேசையில் கைத்தறித் துண்டு என்று ஒரு துண்டு, அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாலே மில்லில் நெய்தது என்று தெரிந்தது. மூன்று பேரும் ஒரே குரலில் “நாங்களே செஞ்சது சார்” என்றார்கள். மூன்றிலும் நான் சொன்னது சரி. இதை நீயே ஒத்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு நினைவிருக்கட்டும். அரை மணி நேரம் நாம் இருவரும் ஒரு கட்சியில் இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நீ என்னை அந்த வாழைநார்க் கடைக்கு அழைத்துப் போனாய். சும்மா போகிற மாதிரிதான் போனாய், ஆனால் வழியில் வேறு எந்தக் கடையிலும் நிற்கவில்லை. மூடி போட்ட சின்னப் பெட்டிகள், வட்டமாக, வெல்லக்கட்டி நிறத்தில். நல்ல பொருள், இல்லையென்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயசுப் பெண்மணி ஒருவர். அவர் உன்னைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். நீ விலை கேட்கவில்லை. கேட்காமலே உன் அம்மா கையில் இரண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தாய். எங்கிருந்தோ நம் மூவருக்கு மட்டும் டீ வந்தது. சொல், இதையெல்லாம் பார்த்தால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? உனக்கு இதில் கமிஷன் இருக்கிறது, அல்லது யாரோ உன் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன்.

அந்த ஸ்கேல் உனக்கு எப்போதும் கேலிப் பொருள். அது என் பைக்குள் எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ பிறந்த வருஷம், துவாக்குடியில் என் பழைய கம்பெனியில் நான் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஒரு லாட் தகடுகளைக் கொண்டுவந்து, “நான் அளந்துட்டேன்டா, எம்மேல நம்பிக்கை இல்லியா?” என்றான். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அளவு தப்பென்று போன இடத்திலிருந்து அத்தனையும் திரும்பி வந்தது. விசாரணையில் அவன், “நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்” என்றான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எனக்கு வர வேண்டிய பதவி அவனுக்குப் போனது. இப்போதும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் தோளில் கை போட வருவான். நான் நகர்ந்து நிற்பேன். அதை மன்னிக்க வேண்டிய அவசியம் எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, சந்தைக்கு வருகிறேன். பன்னிரண்டு பெட்டிகளை வரிசையாக வைத்து அளந்தேன். பன்னிரண்டும் ஒரே உயரம். நாரின் அகலம் எல்லாவற்றிலும் நாலு மில்லிமீட்டர். முப்பது வருஷம் இரும்பை அளந்தவன் நான். மனிதன் கை இப்படிச் செய்யாது. “இது மெஷின்ல வந்ததும்மா” என்றேன். அவர் கோபப்படவில்லை. “அளந்து பாருங்க சார், தப்பில்ல. எல்லாம் கையில பின்னுனதுதான்” என்றார். மேசைக்கடியிலிருந்து அரை அடி மரக்கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடை உடைத்துத் தீட்டி, துண்டு துண்டாக வரிசையாகப் பதித்திருந்தது. காய்ந்த வாழைப்பட்டையை அதில் வைத்து இழுத்தால் ஒரே அகலத்தில் நார் வரும் என்றார். “எங்க வீட்டுக்காரர் செஞ்சு குடுத்தது. ஃபிட்டரா இருந்தாரு.”

“கதை நல்லா இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி செய்வீங்க?”

“ரெண்டு.”

“இங்க நூறுக்கு மேல இருக்கே?”

“ஒம்பது பேர் இருக்கோம் சார்.”

“ஒம்பது பேர் கையும் ஒரே மாதிரியா பின்னும்?”

நான் குரலை உயர்த்தவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். உன் அம்மா உயர்த்தினேன் என்கிறாள். சுற்றிலும் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பக்கத்தில் ஓர் அம்மாள் வாங்குவதற்காக எடுத்து அடுக்கி வைத்திருந்த ஆறு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் நீ, “அப்பா, போதும். இவங்க கயலோட அம்மா” என்றாய். தீபாவளிக்கு வந்தபோது கயல் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாய், ஜீயபுரம் பக்கம், அப்பா இல்லை, அம்மா ஏதோ கைத்தொழில் செய்கிறார் என்றாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் அம்மா அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மனப்பாடமாக இருக்கும். “அப்ப எல்லாரும் சேர்ந்து எனக்கு நாடகம் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

நான் சாதி பார்த்துத்தான் அப்படிச் செய்தேன் என்று உன் மாமா சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு இருபத்தெட்டு வருஷமாகியும் என்னைத் தெரியவில்லை. நான் எல்லோரையும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படுவேன். இதில் இன்னொன்றையும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். என்னிடமிருந்து ஒன்று மறைக்கப்படுகிறது என்று நான் நினைத்தது உண்மை. மறைத்தது நீ. எதை என்பதில்தான் நான் தவறினேன். இந்த ஏழு மாதமும் அந்தப் பாதி சரியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜீயபுரம் போனேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் டாக்டர் இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. குடையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைத்துவிடாதே. சரக்கு வண்டி எங்கிருந்தாவது வந்து இறங்குகிறதா என்று பார்க்கப் போனேன். வீட்டை விசாரிக்கும்போது பெயரைச் சொல்லவில்லை, ‘பெட்டி வாங்கணும்’ என்றேன். வாழைத்தோட்டத்தை ஒட்டித் தகரக் கொட்டகை. பக்கவாட்டில் நின்று உள்ளே பார்த்தேன். ஆறேழு பெண்கள் தரையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். வண்டியுமில்லை, மெஷினுமில்லை. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் சரோஜா அம்மாள் பின்னாலிருந்து பட்டைக் கட்டோடு வந்து நின்றார்.

“வாங்க சார். மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, செக் பண்ண வந்தீங்களா?”

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. “செக் பண்ணத்தான்” என்றேன்.

“அதானே பாத்தேன். மன்னிப்புக் கேக்க வந்திருந்தா காபி போட்டுக் குடுத்து அனுப்பியிருப்பேன். செக் பண்ண வந்தவருக்கு வேலை இருக்கு. இப்படி உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அந்த மரக்கட்டையையும் ஒரு பட்டையையும் என் முன்னால் வைத்தார். இழுத்தேன், பாதியில் அறுந்தது. இன்னொன்று இழுத்தேன், அதுவும் அறுந்தது. மூலையில் இருந்த ஒரு பெண், “சார் பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல இழுக்கறாரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவதை மெதுவாக இழுத்தேன், வந்தது. ஸ்கேலை எடுத்து அளந்தேன். நாலு, நாலு, நாலு, கடைசி ஓரத்து நார் மட்டும் நாலரை. “கடைசி பிளேடு நகர்ந்திருக்கு” என்றேன்.

“தெரியும் சார். அவர் போனதுக்கு அப்புறம் அதை யாரும் சரி பண்ணல. அந்த ஓரத்து நாரை நாங்க பெட்டிக்கு அடியில வெச்சுடுவோம். பக்கத்துல பின்ன மாட்டோம். அடியைத் திருப்பிப் பாத்தா தெரியும்.”

ரகு, நான் அந்தச் சந்தையில் விளக்கைத் திருப்பினேன். பொம்மையைத் திருப்பினேன். துண்டைத் திருப்பினேன். இந்தப் பெட்டியை மட்டும் திருப்பவில்லை. பக்கத்தை அளந்ததும் எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது, அதோடு நிறுத்திவிட்டேன். அடியைப் பார்த்திருந்தால் நாலும் நாலரையுமாக, ஒன்பது பேர் கையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். கத்துக்குட்டி இன்ஸ்பெக்டர் யாராவது இப்படிச் செய்திருந்தால் வேலையை விட்டே துரத்தியிருப்பேன். ஒரு பெட்டியை எடுத்து, அங்கேயே திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது.

நான் எழுந்தபோது அவர், “உங்க பையனைத் திட்டாதீங்க சார். எங்க வீட்டுப் பொருள்னு முன்னாடியே சொன்னா அப்பா குறை கண்டுபிடிப்பாரு, சொல்லாம விட்டா புடிச்சுப்போகும்னு நெனச்சாப்ல. முக்கொம்பு அணை செஞ்ச கதையையும் சொன்னாப்ல” என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வீட்டுக் கதையைப் பொண்ணு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாய். பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நீ ஏழாவது படிக்கும்போது, பள்ளிக் கண்காட்சிக்குத் தீக்குச்சிகளை ஒட்டி முக்கொம்பு அணையைச் செய்தாய். நிஜத்தில் எத்தனை மதகோ அத்தனை மதகு. ஒவ்வொரு மதகும் தனியாக ஏறி இறங்கும். நான் அந்த வாரம் நைட் ஷிப்டில் இருந்தேன், நீ செய்ததைப் பார்க்கவில்லை. கண்காட்சியில் பார்த்துவிட்டு, உன் வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போதே, “யாருடா செஞ்சு குடுத்தா?” என்று கேட்டேன். வாத்தியார் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பரிசு வேறு பையனுக்குப் போனது. அணை வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, நீ வழியிலேயே உடைத்துப் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். இதுவரை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது. மறுநாள் காலை நீ தூங்கும்போது உன் விரல்களைப் பார்த்தேன். பத்து விரல் நுனியிலும் பசை காய்ந்து, தோலோடு உரிந்திருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், உன்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். அப்பாவாக இருந்துகொண்டு தப்பை ஒத்துக்கொண்டால் நாளைக்குப் பையன் மதிக்க மாட்டான் என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த அணையைச் செய்தது நீதான். யாரும் செய்து கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இதை எழுத மூன்று தாளைக் கிழித்தேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். கயல் ஒரு பொருளைக் கொண்டுவந்து நானே செய்தேன் என்று சொன்னால், முதலில் கையில் வாங்கு, நன்றாக இருக்கிறது என்று சொல். திருப்பிப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லையென்றால், அவள் அந்தப் பக்கம் போன பிறகு பார். பார்த்ததை உன்னோடு வைத்துக்கொள். எனக்கு இது தெரிந்திருந்தால் உன் அம்மா மொட்டை மாடிக்குப் போய்ப் பேச வேண்டிய நிலை வந்திருக்காது.

நேற்றைய கதையை முடிக்கிறேன். கிளம்பும்போது, “ஆறு பெட்டி குடுங்கம்மா, வாங்கிக்கறேன்” என்றேன். “வேண்டாம் சார். அன்னைக்கு ஒருத்தங்க ஆறு பெட்டியை வெச்சுட்டுப் போனாங்களே, அதுக்கு ஈடா கேக்கறீங்க. அப்படி விக்கறதில்ல. வேணும்னா, வேணும்னு நெனச்சு இன்னொரு நாள் வந்து வாங்கிக்கங்க” என்றார். அவர் சொன்னது சரி. நான் கேட்டது அதற்காகத்தான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஆறு பெட்டியை வாங்கித் தப்பிக்கப் பார்த்தேன். அப்போதும் அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது, வெளியே வரவில்லை. வாசலில், “என்னை எதுக்கும்மா இன்னும் சார்னு கூப்பிடறீங்க?” என்று மட்டும் கேட்டேன். “சம்பந்தியா இல்லையான்னு நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் சார்தான்” என்றார். அவர் ஏன் இவ்வளவு பொறுமையாக இருக்கிறார், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்பதை நம்ப எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

வியாழக்கிழமை மறுபடி ஜீயபுரம் போகிறேன். இந்தத் தடவை உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நகர்ந்த பிளேடைச் சரிசெய்யச் சின்ன வைஸும் அரமும் எடுத்துப் போகிறேன். ஆனால் உட்காருவதற்கு முன்னால், வாசலிலேயே, அந்த ஒன்பது பேர் முன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். சொல்வேனா என்று கேட்டால், என் மேலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால் சொல்லிவிட்டேன் என்று நான் போன் செய்தால் நீ நம்பாதே. அம்மா சொன்னாலும் நம்பாதே, அவள் எனக்காகப் பொய் சொல்வாள். சரோஜா அம்மாளிடமே கேள். அவர் சொன்னார் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை என் பெயரை அந்த வரியில் போடு. இல்லையென்றால் வரியை எடுத்துவிடு, நான் சண்டைக்கு வர மாட்டேன். கல்யாணத்தன்று கடைசி வரிசையில் ஒரு நாற்காலி இருந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

தாளின் அடியில் இடம் இருக்கிறது. பேனாவும் கையில் இருக்கிறது. அப்பா என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட நினைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அழைப்பிதழில் என் பெயர் வருமா வராதா என்பது தெரியாத நாளில், இங்கே மட்டும் நானாகவே அதைப் போட்டுக்கொள்வது சரியில்லை. இந்தக் கடிதத்தைக் கையெழுத்து இல்லாமலே ஸ்பீடு போஸ்டில் போட்டுவிட்டு வருகிறேன்.